புரோபகாண்டா: பிறந்த ஊர் ரோம், பெர்லின் இல்லை

புரோபகாண்டா, அதாவது பரப்புரை, என்றாலே பலருக்கும் ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறார், சிலர் ஒரு படி மேலே போய் அந்தச் சொல்லையே நாஜிகள்தான் உண்டாக்கினார்கள் என்று எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். கோயபல்ஸ் பிரச்சார அமைச்சரானது 1933-ல். சொல் அவருக்கு முந்நூறு வருஷம் மூத்தது.

1622-ல் போப் பதினைந்தாம் கிரகோரி, தொலைதூர நாடுகளில் மறைப்பணியைக் கவனிக்க ரோமில் கர்தினால்களைக் கொண்டு ஒரு பேராயம் அமைத்தார். அதன் லத்தீன் பெயரில் வருவது 'தே புரோபகாண்டா ஃபீதே', அதாவது கிறிஸ்தவ விசுவாசத்தைப் பரப்புவதற்காக. நீளமான அந்தப் பெயரிலிருந்து ஒடித்தெடுத்த துண்டுதான் இன்று நாம் சொல்லும் சொல். இதை டேட்டா (ஒருமை: டேட்டம்) மாதிரி பன்மை என்று நினைத்து, புரோபகாண்டம் என்று ஒரு ஒருமையைக் கற்பிப்பதும் தவறு. வேர் எங்கே என்று பார்த்தால், கொடியைப் பதியம் போட்டுப் பெருக்குவதைக் குறிக்கும் லத்தீன் வினை. பொய் என்ற பொருள் அதில் துளியும் இல்லை.

நம் பக்கத்து வரலாற்றைப் படிப்பவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டுத் திருச்சபை ஆவணங்களில் 'புரோபகாண்டா குருக்கள்' என்று வந்தால், அவர்கள் ஊர் ஊராகப் பொய் பரப்பியவர்கள் இல்லை, அந்தப் பேராயத்தின் அதிகாரத்தில் வேலை செய்தவர்கள். எதிர்த்தரப்பு, போர்த்துக்கல் அரசருக்கு ஆயர்களை முன்மொழியும் உரிமை தந்த பதுருவாதோ என்ற ஏற்பாட்டின் கீழ் இருந்தவர்கள். 1838-ல் போப் பதினாறாம் கிரகோரி, பதுருவாதோவின் கீழிருந்த மயிலாப்பூர், கொச்சி மறைமாவட்டங்களின் அதிகாரத்தைப் பிடுங்கி ரோமின் பிரதிநிதிகளிடம் கொடுத்தபோது இரு தரப்புக்கும் கடும் சண்டை. இது தெரியாமல் படித்தால் ஆவணம் முழுக்கத் தலைகீழாகத்தான் புரியும்.

அப்புறம் இந்தச் சொல் எப்படிக் கெட்டுப்போனது? பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலேயே அரசியலுக்குள் வந்துவிட்டது, ஆனாலும் முழுசாகக் கறை படிந்தது முதல் உலகப் போரில், அரசுகளே துறை வைத்துப் பரப்புரை நடத்திய பிறகுதான். 1967-ல் ரோமே அந்தப் பேராயத்தின் பெயரை மாற்றிவிட்டது.

இன்றைய பொருளிலும் 'பொய்' என்று மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். உண்மையில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கித் திரும்பத் திரும்பச் சொல்வதும் புரோபகாண்டாதான். பிரேசில் செய்தியை மொழிபெயர்க்கிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும், அங்கே சோப்பு விளம்பரத்துக்கும் அதே சொல்தான்.