தொற்றுக்காலக் களப்பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய களப்பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போதெல்லாம், தொடக்கத்தில் நான் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைக் காண்கிறேன். படிவத்தில் வயதைக் குறிக்க மறப்பது போன்றவை தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நோயாளியின் வீட்டை அடையாளப்படுத்துதல்

இன்றும் என்னைக் கொதிக்க வைக்கும் தவறு இது. கோவிட் பரவலின்போது, தொற்று உறுதியான ஒரு வீட்டின் கதவில் என் கையாலேயே அறிவிப்பு ஒட்டினேன். அடுத்த மூன்று நாட்களும் அந்தத் தெருவில் எவருக்கும் காய்ச்சல் இல்லை என்றே பதில் வந்தது. நான்காம் நாள் எதிர்வீட்டில் விசாரித்தபோது, "எல்லோரும் நலம்" என்று சொன்ன பெண்மணியின் பின்னாலிருந்து, துணியை வாயில் அழுத்தி அடக்கப் பார்த்த இருமல் கேட்டது; அவர் கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டார். நோயை ஒளிக்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான் ஒட்டிய காகிதம்தான். அறிகுறி தோன்றும் முன்பே பரவத் தொடங்கும் நோயில், அந்த நாட்களில் அவர்களோடு பழகியவர்களை எல்லாம் தேடிப்பிடிக்கும் வாய்ப்பை நாங்கள் இழந்தோம்.

அச்சம் எங்கும் இப்படித்தான் வேலை செய்கிறது. 2014 ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில், எபோலாவால் இறந்தோரின் உடல்களை எரிக்க ஆணையிடப்பட்டது. இறந்த உடலிலிருந்தும் எபோலா பரவும் என்பதால் மருத்துவக் காரணம் சரியானதே. ஆனால் புதைக்கும் மரபுடைய குடும்பங்கள் நோயாளிகளையும் உடல்களையும் மறைக்கத் தொடங்கின. அவ்வாண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட நெறிமுறை, பாதுகாப்பான அடக்கத்தில் குடும்பத்தாரும் மதப் பெரியவர்களும் பங்குகொள்ள இடமளித்தது. குடும்பங்களோடு கலந்து பேசுவதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இப்போதைக்குத் தெரிந்ததை முடிந்த முடிவாகச் சொல்லுதல்

பொதுமக்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று 2020 தொடக்கத்தில் பல நாடுகளின் அதிகாரிகள் அடித்துச் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூனில், பரவல் உள்ள இடங்களில் அதை அணியச் சொல்லும்படி உலக சுகாதார நிறுவனமே அரசுகளுக்கு அறிவுறுத்தியது. சான்று மாறினால் அறிவுரையும் மாறத்தான் வேண்டும். மாறக்கூடும் என்பதை முன்னரே சொல்லாததால்தான், மக்கள் அடுத்த அறிவுரையையும் ஐயத்தோடு கேட்டார்கள்.

பலர் முன்னிலையில் கண்டித்தல்

ஒருபோதும் வேண்டாம்.

வதந்தியைத் தலைப்பாக்கி மறுத்தல்

உண்மையை முதலில் சொல்லுங்கள்.

தேவையைக் கேட்காமல் தனிமைப்படுத்தச் சொல்லுதல்

அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவரிடம் இரண்டு வாரம் வீட்டிலிருக்கச் சொல்வதற்கு முன், மருந்தும் உணவும் யார் கொண்டுவருவார்கள் என்று கேட்டு, ஆளில்லை என்றால் ஏற்பாடு செய்துவிட்டுப் பேசுங்கள். அந்தப் பெண்மணியின் வீட்டுக்கு நான் இரண்டாம் முறை காகிதம் எதுவுமின்றி மருந்துப் பையோடு போனேன். அப்போதுதான் உள்ளே மூவர் படுத்திருப்பதை அவர் சொன்னார்.