சாச்சுரேஷனா, பிரைட்னஸா: எதை முதலில் தொடுவது?

போட்டோவை எடிட்டரில் திறந்ததும் கை நேராகச் சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) ஸ்லைடருக்குத்தான் போகும். போகட்டும், ஆனால் இரண்டாவதாக. முதலில் வெளிச்சத்தை முடித்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள். இந்த வரிசை ஏன் என்பது எண்களைப் பார்த்தால் புரிந்துவிடும்.

கிம்ப் 2.10 என்ற இலவச போட்டோ எடிட்டரை வைத்து விளக்குகிறேன். போட்டோஷாப்பிலும் அடிப்படை இதேதான், மெனுவும் சில விவரங்களும் மாறும். நிறுவுவது, படத்தைத் திறப்பது, லேயர் என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

1. ஒரு பிக்சலைப் படியுங்கள்

கலர் பிக்கரை எடுத்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி படத்தில் கிளிக் செய்தால் எண்களோடு ஒரு பெட்டி வரும். செங்கல் நிறத்தில் ஒரு பிக்சல் கிடைத்ததாக வைப்போம்: சிவப்பு 200, பச்சை 100, நீலம் 50. எச்எஸ்வி (ஹியூ, சாச்சுரேஷன், வேல்யூ) முறையில் பெரிய எண்தான் வெளிச்சம், அதாவது வேல்யூ. பெரியதில் சிறியதைக் கழித்துப் பெரியதால் வகுத்தால் சாச்சுரேஷன்: 150/200, அதாவது 75%.

இப்போது மூன்றுக்கும் 50 கூட்டுங்கள்: 250, 150, 100. சாச்சுரேஷன் 60% ஆகிவிட்டது. நிறத்தை நாம் தொடவே இல்லை, ஆனாலும் சாயம் வெளுத்துவிட்டது. கூட்டாமல் 1.25-ஆல் பெருக்கியிருந்தால் 250, 125, 62 என்று வரும். 75% அப்படியே நிற்கும். கிம்ப்பின் பிரைட்னஸ் ஸ்லைடரை ஏற்றினால் நிறங்கள் வெள்ளையை நோக்கி நகரும், முதல் கணக்கைப் போலவே. அதனால்தான் வெளிச்சம் ஏற்றிய படம் சோகை பிடித்த மாதிரி தெரிகிறது.

2. எந்த வெளிச்சம்?

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. சுத்த மஞ்சள், சுத்த நீலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு படத்தில் நிரப்புங்கள். கலர்ஸ் மெனுவில் நிறத்தை நீக்கும் டிசாச்சுரேட் போய், லைட்னஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும், நடுவில் கோடுகூடத் தெரியாது. அதையே அன்டூ செய்து லூமினன்ஸ் முறையில் பாருங்கள். மஞ்சள் ஏறக்குறைய வெள்ளை, நீலம் இருட்டு.

நம் கண்ணுக்கு இரண்டாவதுதான் உண்மை. லூமினன்ஸ் கணக்கில் பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722 பங்கு. ஆகவே எச்எஸ்வியில் வேல்யூ 100 என்று காட்டுவதை நம்பி நீலப் பின்னணியில் கறுப்பு எழுத்து வைக்காதீர்கள். எந்த டிசைனையும் ஒருமுறை லூமினன்ஸில் சாம்பலாக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

3. வெளிச்சம் ஏற்றுவது

லேயரை நகலெடுங்கள். நகலில் கர்வ்ஸைத் (வெளிச்சத்தை வளைகோட்டால் மாற்றும் கருவி) திறந்து கோட்டின் நடுப்பகுதியை லேசாக மேலே வளையுங்கள். சாயம் கொஞ்சம் போகும், கவலை வேண்டாம். நகலின் மோடை லூமினன்ஸ் என்று மாற்றினால் வெளிச்சம் மட்டும் மேலிருந்து வரும், நிறம் கீழிருந்து வரும். அதிகமாகப் பட்டால் ஒப்பாசிட்டியைக் குறையுங்கள். பிரைட்னஸ்-கான்ட்ராஸ்ட் பெட்டி என்னைப் பொறுத்தவரை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

4. இப்போது சாச்சுரேஷன்

ஹியூ-சாச்சுரேஷனில் எல்லா நிறத்தையும் ஒரேயடியாக ஏற்றாமல், தேவையான நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். அதே பெட்டியில் இருக்கும் லைட்னஸ் ஸ்லைடர் பக்கம் போகவே வேண்டாம்.

சிவப்புப் பூ இருந்தால் ஜாக்கிரதை. இதழில் சிவப்பு ஏற்கெனவே 240, 250 என்று உச்சியில் இருக்கும். இன்னும் ஏற்றினால் சிவப்பு எல்லாம் உச்ச எண்ணான 255-இல் முட்டி நிற்கும். பச்சையும் நீலமும் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்கும். இதழின் நரம்பு, மடிப்பு எல்லாம் போய் சிவப்புத் தாளை வெட்டி ஒட்டினாற்போல ஆகிவிடும். ஹிஸ்டோகிராமில் (எந்த எண்ணில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) சிவப்புச் சேனலை மட்டும் பாருங்கள். வலது ஓரத்தில் கம்பம்போல நட்டுக்கொண்டிருந்தால் பின்வாங்குங்கள்.

பிற்சேர்க்கை

இருட்டான படத்தில் இப்படிச் செய்தால் நிழலில் நிறப் புள்ளிகள் மொய்க்கின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். 12, 8, 5 என்ற பிக்சல் கண்ணுக்குக் கறுப்பு. கணக்குப்படி அதன் சாச்சுரேஷன் 58%. வெளிச்சம் ஏறியதும் அது வெளியே வந்துவிடுகிறது. இதற்கு, வெளிச்சம் ஏற்றிய லேயர்களை ஒன்றாக்கி, அதன் நகலில் சாச்சுரேஷனை ஏற்றி, நகலுக்கு லேயர் மாஸ்க் (லேயரின் எந்தப் பகுதி எவ்வளவு தெரிய வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பு) சேருங்கள். மாஸ்க் பெட்டியில் 'கிரேஸ்கேல் காப்பி ஆஃப் லேயர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இருண்ட இடங்களில் ஏற்றம் மட்டுப்படும்.

இன்னொரு கேள்வி: கறுப்பு வெள்ளைப் படத்தில் சாச்சுரேஷன் ஏற்றினால் ஏன் எதுவும் நடப்பதில்லை? மூன்று எண்ணும் சமம், வித்தியாசம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். அதற்குக் கலரைஸ் என்று தனிக் கருவி இருக்கிறது. ஹியூ-சாச்சுரேஷன் மெனுவே மங்கிக் கிடந்தால் இமேஜ் மெனுவில் மோடை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) ஆக்கிவிட்டுப் பாருங்கள்.