டிஸ்ப்ளேயில் 350 டிகிரி, டிப்பில் ஈயம் உருகவில்லை: சரிசெய்த விதம்

என் சால்டரிங் ஸ்டேஷனில் (ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கருவி) இருப்பது 907 வகைக் கைப்பிடி; அதன் ஹீட்டர் மேல் செருகும் முனைதான் டிப். 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்) 183 டிகிரியிலேயே உருக வேண்டும்; இதிலோ டிப்பில் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. இந்த வகையில் சென்சார் ஹீட்டருக்குள் இருக்கிறது. அதனால் டிஸ்ப்ளே சொல்வது ஹீட்டரின் சூட்டை, டிப் முனையின் சூட்டை அல்ல.

பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, நட்டைக் கழற்றி டிப்பை உருவினேன். உள்ளே கறுப்புத் தூள். அதுதான் சூட்டைத் தடுத்தது. தட்டி உதிர்த்து, உலர்ந்த பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். ஹீட்டர் செராமிக், நெம்பினால் 'டக்'கென்று முறியும். டிப்பைக் கடைசிவரை இறக்கி, நட்டைக் கையாலேயே இறுக்கினால் போதும், பிளையர் வேண்டாம்.

முனையும் கறுத்திருந்தது. 250 டிகிரியில் வைத்து, பித்தளைச் சுருளில் குத்தி எடுத்து, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) உள்ள ஈயத்தைப் பூசி, மறுபடி குத்தி... நாலைந்து முறையில் வெள்ளி போல மினுங்கியது. உப்புத்தாள், அரம் பக்கமே போகக்கூடாது. மேலிருக்கும் இரும்புப் பூச்சு தேய்ந்தால் உள்ளே இருக்கும் செம்பை ஈயம் கரைத்துக் குழியாக்கிவிடும். அந்த டிப் குப்பைக்குத்தான்.

இப்போது சாதாரண ஜாயிண்ட்டுக்கு 320 போதுகிறது. அணைக்கும் முன் முனையில் ஈயத்தைத் தாராளமாகப் பூசி, துடைக்காமல் விடுகிறேன்.