தூக்கம் வரவழைக்கும் அரிப்பு மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள பட்டர்வொர்த்தில் ஒரு மருந்தகத்தில் மருந்தாளராக இருக்கிறேன். பெயர் சொல்லாமலேயே கேட்கப்படும் மருந்து ஒன்று எங்கள் கவுண்டரில் உண்டு. "தம்பி, அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை பத்து குடுங்க" என்பார்கள். 4 மில்லிகிராம் குளோர்ஃபெனிரமின் மாத்திரையைத்தான் கேட்கிறார்கள். இறால் சாப்பிட்டு உடம்பு தடித்துப் போனதற்கும் மூக்கொழுகலுக்கும் வாங்குகிறவர்களோடு, இரவில் தூக்கம் வரவில்லை, மனம் படபடக்கிறது என்று வாங்க வருகிறவர்களும் இப்போது கூடிவிட்டார்கள். மாத்திரை சிறியது, விலை மலிவு, சிறுவயதிலிருந்தே வீட்டு அலமாரியில் பார்த்தது. இந்த மூன்றும் சேர்ந்து, இதனால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடுகின்றன. நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்தில் தொடங்கியவையே.

குளோர்ஃபெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெதசின், ஹைட்ராக்சிசின் ஆகியவை ஒரே குடும்பத்து மருந்துகள். ஒவ்வாமையின்போது உடலில் சுரக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளின் வேலையை இவை தடுக்கின்றன. அதே ஹிஸ்டமின் மூளையில் நம்மை விழிப்போடு வைத்திருக்கும் வேலையையும் செய்கிறது. இந்தப் பழைய தலைமுறை மருந்துகள் மூளைக்குள்ளும் எளிதில் நுழைந்துவிடுவதால்தான் தூக்கம் வருகிறது. அரிப்பு அடங்குவது ஒரு வேலை, தூக்கம் வருவது இன்னொரு வேலை. கண் சொக்குவதைப் பார்த்து "மருந்து நன்றாகப் பிடிக்கிறது" என்று நினைப்பது முதல் தவறு.

இரண்டாவது தவறு காலையில் நடக்கிறது, எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர், கையில் தடிப்பு வந்து அரித்ததால் நள்ளிரவு கடந்து இரண்டு மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். காலை ஷிப்டுக்காக ஐந்தரை மணிக்கு எழுந்து, முகம் கழுவி, கோப்பி குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தில் ஏறியிருக்கிறார். மறுநாள் என்னிடம் சொன்னார்: "தூக்கமே வரல தம்பி, நல்லாத்தான் இருந்தேன். ஆனா பாலத்துல பாதி தூரம் எப்படி வந்தேன்னு எனக்கு ஞாபகமே இல்ல." 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலம் அது. பக்கத்திலேயே லாரிகள் விரையும். அதைக் கேட்டு நான் சற்று நேரம் பேச்சற்று நின்றேன்.

தூக்கம் கலைந்துவிட்டால் மருந்தும் போய்விட்டது என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் குளோர்ஃபெனிரமின், ஹைட்ராக்சிசின் இரண்டுமே பெரியவர்களின் உடலில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. இரவு பத்து மணிக்கு விழுங்கியதில் பாதி, மறுநாள் மாலை ஆறு மணிக்கும் இரத்தத்தில் இருக்கிறது. அடுத்த இரவும் போட்டால் மீதமிருப்பதன் மேல் புதியது சேர்கிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வாகனம் ஓட்டுவதைப் போன்ற இயந்திரத்தில் 40 பேரை உட்காரவைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 50 மில்லிகிராம் டைபென்ஹைட்ரமின் எடுத்தவர்கள், போதையேறும் அளவுக்கு மது அருந்தியவர்களைவிட மோசமாக ஓட்டினார்கள் என்று அதில் தெரியவந்தது. அதைவிட முக்கியமான செய்தி, தமக்குத் தூக்கம் வருகிறதா என்று அவர்களே சொன்ன பதிலை வைத்து யார் மோசமாக ஓட்டுவார்கள் என்று சரியாகக் கணிக்க முடியவில்லை என்பது. ஆகவே "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்ற உங்கள் சொந்தத் தீர்ப்பை இந்த விஷயத்தில் நம்பாதீர்கள். முதல் முறை எடுப்பதாக இருந்தால், மறுநாள் வண்டியோ ஃபோர்க்லிஃப்டோ ஓட்ட வேண்டியிராத இரவில் எடுங்கள். பாலில்லாத கெட்டியான கோப்பி ஓ கண்ணைத் திறந்து வைக்கலாம், ஆனால் பிரேக்கை மிதிக்கும் காலுக்கு வர வேண்டிய வேகம் அதனால் திரும்பி வந்துவிடும் என்று எண்ணக் கூடாது.

பகலில் வேலை செய்பவருக்குத் தோல் தடிப்பு என்றால், லோராடடின், செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் போன்ற அடுத்த தலைமுறை மருந்துகள் இருக்கின்றன. அவை மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. செட்டிரிசின் மட்டும் சிலருக்குச் சற்றுத் தூக்கம் தரும். தடிப்பை அடக்குவதில் இவை பழைய மாத்திரைக்குக் குறைந்தவையும் அல்ல. இதைச் சொன்னால், "தூக்கம் வராத மாத்திரையா, அப்ப அது வேலை செய்யாது" என்று திருப்பித் தருகிறவர்களும் உண்டு.

அடுத்தது, தெரியாமலேயே ஒரே மருந்தை இரண்டு மூன்று வழிகளில் எடுப்பது. சளியும் அரிப்புமாக வந்த ஓர் அம்மாவிடம், வீட்டில் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். மறுநாள் பிஸ்கட் டின் ஒன்றை அப்படியே கொண்டுவந்து கவுண்டரில் வைத்துத் திறந்தார். மஞ்சள் மாத்திரை ஓர் அட்டை. கிளினிக்கில் கொடுத்த சிவப்பு நிற இருமல் மருந்து, லேபிளைப் படித்தால் டைபென்ஹைட்ரமின். சளிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து வாங்கிய மாத்திரை, அதிலும் குளோர்ஃபெனிரமின். லங்காவி படகுப் பயணத்துக்கு வாங்கி மிச்சமிருந்த வாந்தி மாத்திரை, டைமென்ஹைட்ரினேட். அது உடலுக்குள் போனதும் டைபென்ஹைட்ரமினைத்தான் தருகிறது. நான்கு வேறு நோய்களுக்கு நான்கு மருந்து என்று அவர் நினைத்திருந்தார், ஆனால் நான்கும் மூளையில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்து வணிகப் பெயர் மட்டுமே. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயரைப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாவிட்டால் மருந்தாளரிடம் நீட்டிக் கேளுங்கள். ஹைட்ராக்சிசின் எடுப்பவர் இன்னொன்றையும் அறிந்திருப்பது நல்லது: அந்த மருந்து உடலுக்குள் செட்டிரிசினாகவும் மாறுகிறது. இரண்டையும் சேர்த்து எடுப்பதால் அரிப்பு இரண்டு மடங்கு குறைந்துவிடாது.

மது, தூக்க மாத்திரை, டிரமடோல் போன்ற வலி மருந்து, வலிப்பு மருந்து ஆகியவற்றோடு இதைச் சேர்த்தால் மூளையின் சோர்வு பலமடங்காகிறது. மூச்சும் மந்தமாகலாம். திருமண விருந்தில் இரண்டு கிளாஸ் பீர் குடித்துவிட்டு வந்து அரிப்புக்கு மாத்திரை போட்டுப் படுப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

இனி அரிப்புக்கு வருகிறேன். எல்லா அரிப்பும் ஹிஸ்டமினால் வருவதில்லை. தடிப்பாக எழும்பி, சில மணி நேரத்தில் மறைந்து, வேறிடத்தில் எழும்பும் அரிப்புக்கு இந்த மருந்து நன்றாகக் கேட்கும். கரப்பான் (எக்சிமா), வறண்ட தோல், இந்த ஊர்ப் புழுக்கத்தில் இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வரும் படர்தாமரை, சிரங்கு ஆகியவற்றுக்கு அது மருந்தே இல்லை. அரிப்பை மறந்து தூங்கவைக்கும், அவ்வளவுதான். சிரங்கில் இரவுதான் அரிப்பு கூடும், விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னப் பருக்கள் தெரியும், வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வரும். அதற்கு வேண்டியது 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசி, துணியையும் போர்வையையும் சுடுநீரில் துவைக்க வேண்டும். மாத்திரையாலேயே மாதக் கணக்கில் தள்ளினால் சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சி வீடு முழுவதும் பரவிவிடும்.

தோலில் ஒன்றுமே தெரியாமல் உடம்பெல்லாம் அரித்தால் இன்னும் கவனம் வேண்டும். சிறுநீரகம் பழுதாவது, பித்தநீர் அடைப்பு, இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டுக் கோளாறு ஆகியவை சில நேரம் அப்படி வெளிப்படும். நீரிழிவில் தோல் வறண்டு அரிக்கும், பூஞ்சையும் எளிதில் பற்றிக்கொள்ளும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ பத்துப் பேரில் மூவருக்கு நீரிழிவு இருந்தது தெரியவந்தது. நம் வீடுகளில் இந்த அரிப்பை மாத்திரையால் மூடிவைப்பது எனக்கு வேதனை தருகிறது. அரிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துப் பார்த்துவிடுங்கள்.

பதற்றத்துக்கு இந்தக் குடும்பத்தில் மருத்துவர்கள் எழுதித் தருவது ஹைட்ராக்சிசின். மஞ்சள் மாத்திரை பதற்றத்துக்கான மருந்து அன்று, அது தருவது வெறும் மயக்கம். ஹைட்ராக்சிசினும் சில நாள் அல்லது சில வாரத் துணைதான். அதில் அடிமையாகும் ஆபத்து மற்றத் தூக்க மாத்திரைகளைவிடக் குறைவு என்பது உண்மை, ஆனால் அதையே காரணமாக வைத்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததைக் கடன் வாங்கிச் சாப்பிடக் கூடாது. இந்த மருந்து இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைச் சிலருக்குக் குழப்பிவிடும். 2015ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதை ஆராய்ந்து, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றும், முதியவர்களுக்குத் தவிர்ப்பதே நல்லது, தவிர்க்க முடியாவிட்டால் 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றும் வரம்பு வைத்தது. இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர்கள் உள்ளவர்கள், வயிற்றுப்போக்காலோ நீர் மாத்திரையாலோ பொட்டாசியம் குறைந்தவர்கள் ஆகியோர் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பதற்றத்துக்கே கொடுக்கப்படும் எஸ்சிட்டாலோபிராம், தொண்டைப் புண்ணுக்குக் கொடுக்கப்படும் எரித்ரோமைசின் ஆகியவையும் இதயத்தில் இதே வேலையைச் செய்வதால், இரண்டு கிளினிக்கில் மருந்து வாங்குபவர் இரண்டு இடத்திலும் முழுப் பட்டியலைச் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருப்பவரும், கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவரும் ஹைட்ராக்சிசினைத் தாமாக எடுக்கவே கூடாது.

படபடப்பு வாரக்கணக்கில் நீடித்தால், அதைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டாம். சுகாதார அமைச்சின் மனநல ஆலோசனை எண் 15555. அரசாங்கக் கிளினிக்கிலும் பேசலாம்.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த மருந்துகள் ஹிஸ்டமினோடு அசட்டைல்கோலின் என்னும் மற்றொரு பொருளையும் தடுக்கின்றன. அதனால் வாய் வறளும், மலம் கட்டும், பார்வை மங்கும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், சில வகைக் கண் அழுத்த நோய் திடீரென்று முற்றும். அதிகாலை மூன்று மணிக்குக் கழிவறைக்கு எழுந்து, சுவரைப் பிடிக்கத் தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாத்தாவின் படுக்கையருகே அந்த மஞ்சள் மாத்திரை அட்டை இருந்ததாக அவர் மகள் என்னிடம் சொல்லி அழுதார். நேற்றுவரை தெளிவாக இருந்த பாட்டி இன்று பேரனைப் பெயர் மாற்றிக் கூப்பிடுகிறார் என்றால், வயதாகிவிட்டது என்று முடிவு கட்டும் முன் இந்த வாரம் புதிதாக என்ன மாத்திரை கொடுத்தோம் என்று பாருங்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இந்தக் குடும்பத்தைச் சேர்த்துள்ளது.

பிள்ளைகளுக்கு வருவோம். தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஊருக்குக் காரில் வரும்போது குழந்தை அழாமல் தூங்க இருமல் மருந்து கொடுப்பது, தயவுசெய்து வேண்டாம். சில பிள்ளைகளுக்கு இது தூக்கத்துக்கு மாறாகத் துள்ளலையும் எரிச்சலையும் தரும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குப் புரோமெதசின் மூச்சையே நிறுத்திவிடக் கூடும். பெரிய பிள்ளைக்கு மருத்துவர் எழுதிய சிரப்பைச் சமையல் கரண்டியில் அளக்காமல் மருந்தகத்தில் தரும் அளவுக் குழலில் அளந்து கொடுங்கள்.

மளிகைக் கடையில் உதிரியாக விற்கும் மாத்திரையையும், "இரண்டே நாளில் அரிப்பு, மூட்டுவலி எல்லாம் போகும்" என்று விற்கும் பெயரற்ற ஜாமு மூலிகை மருந்தையும் வாங்க வேண்டாம். அப்படிப்பட்ட பொருள்களில் ஸ்டீராய்டும் குளோர்ஃபெனிரமினும் கலந்திருப்பது இந்நாட்டில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. பெட்டியில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவெண்ணும், மின்னும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

உதடும் நாக்கும் வீங்கி, குரல் கம்மி, மூச்சு இழுத்தால், மாத்திரை வேலை செய்யட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்போது உயிர் காப்பது அட்ரினலின் ஊசிதான், உடனே 999ஐ அழையுங்கள். அளவுக்கு மேல் விழுங்கியவருக்கு முகம் சிவந்து, உடல் கொதித்து, கண்மணி விரிந்து, பிதற்றல் வந்தாலும் உடனே 999ஐ அழையுங்கள். வலிப்பும் வரலாம். குழந்தை மாத்திரையை வாயில் போட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே போதும், அறிகுறி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். நஞ்சு முறிவு பற்றி மருத்துவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தேசிய நச்சு மையம் இதே பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும்போது காலியான மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை குழிகள் வெறுமையாக உள்ளன என்பதை எண்ணித்தான் மருத்துவர் முதலில் கணக்குப் போடுவார்.