எல்லை தாண்டி வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பும் தவறு

பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண்ணைக் கேரளாவின் கொழிஞ்சாம்பாறையிலோ சித்தூரிலோ கட்டிக்கொடுப்பது எங்கள் பக்கம் சாதாரணம். அடி தாங்காமல் அவள் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி அம்மா வீட்டுக்கு வந்தால், "நடந்தது கேரளாவில், கேஸையும் அங்கேதான் கொடுக்கணும்" என்று விவரம் தெரிந்தவர்களே சொல்லிவிடுகிறார்கள். அடித்தவன் இருக்கும் ஊருக்கே அவளைத் திரும்பப் போகச் சொல்வது அது.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். அவர் போடும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். கணவன் வீட்டுக் கொடுமைக்கான குற்ற வழக்கையும், சூழ்நிலையைப் பொறுத்து, தஞ்சம் புகுந்த ஊரில் தொடுக்கலாம் என 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்டேஷனில் "எங்க லிமிட் இல்லை" என்றால், ஜீரோ எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்கள்; குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிவு செய்யக்கூடிய முதல் தகவல் அறிக்கை அது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது.

கேரள ஸ்டேஷனிலேயே புகார் கொடுப்பதானால், மலையாளத்தில் எழுதியதைப் புரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது. பேசினால் புரியும், எழுத்து தெரியாது என்பவர்கள்தானே நம்மில் அதிகம்? வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

அப்புறம் ஆஸ்பத்திரி. "பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டா" என்று கூடப்போன மாமியாரோ அம்மாவோ சொல்வதை டாக்டர் அப்படியே பதிவேட்டில் எழுதிவிடுவார். பின்னால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். யார், எதைக் கொண்டு அடித்தார் என்பதை அவளே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கூடப்போனவர் கொஞ்சம் வெளியே நிற்கலாம்.

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று வெள்ளைத்தாளில் எழுதிக்கொடுத்ததை மீறினால் யாரும் கேட்க முடியாது. மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. விவாகரத்து கேட்டால்தான் இந்த உத்தரவு கிடைக்கும் என்பதும் தவறு. கல்யாணம் அப்படியே இருக்க, அடியை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம்.

மிரட்டல் வாய்ஸ் மெசேஜ்களைக் கோபத்தில் அழிக்க வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 181-ஐ அழையுங்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் உதவி எண் அதுதான்.