உறுதி பார்த்துக் காணி வாங்கியவர் பிட்கொயினை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

வங்கியில் நிலையான வைப்பு, செட்டியார் தெருவில் வாங்கிய பவுன், சீடிஎஸ் (பங்குகளைப் பதிந்து வைக்கும் மத்திய வைப்பு முறைமை) கணக்கில் கொஞ்சம் பங்கு, ஊரில் ஒரு துண்டுக் காணி. கொழும்பில் சேமிப்புள்ள வீடுகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். இப்படிப்பட்டவர் பிட்கொயின் என்றதும் முதலில் கேட்பது, "இப்ப என்ன விலை, இன்னும் ஏறுமா?" அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். காணி வாங்கும்போது விலை பேச முன்னர் உறுதியைத்தானே பார்ப்பீர்கள்? இங்கேயும் பதிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு தாளில் உங்கள் சொத்துகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விடயம் குறியுங்கள்: இது என்னுடையது என்ற பதிவு யாரிடம் இருக்கிறது, பிழை நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது. நிலையான வைப்புக்கு வங்கி. அந்த வங்கியே விழுந்தாலும் வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரை பாதுகாப்பு உண்டு. பங்குக்கு சீடிஎஸ். திறைசேரி உண்டியலுக்கு மத்திய வங்கியின் லங்காசெக்கியூர். காணிக்குக் காணிப் பதிவகம். பவுனுக்கு மட்டும் பதிவும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. களவு போனால் பொலிஸ் நிலையம்தான்.

பிட்கொயினுக்குப் பதிவேடு உண்டு, ஆனால் அதைத் திருத்தித் தரப் பதிவாளர் இல்லை. ஒரே பதிவேட்டின் பிரதி உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு புதிய பக்கம் சேர்கிறது. அந்தப் பக்கத்துக்குப் பெயர் பிளொக். மெம்பூல் ஸ்பேஸ் என்ற இணையத்தளத்துக்குப் போய்த் தேடல் பெட்டியில் 0 என்று அடித்தால் முதலாவது பிளொக் வரும்: 2009 ஜனவரி 3, அதைச் சேர்த்தவருக்குப் புதிதாக உருவாகும் வெகுமதி 50 பிட்கொயின். இன்றைய பிளொக் ஒன்றைத் திறந்தால் வெகுமதி 3.125தான். 210,000 பிளொக்குக்கு ஒருமுறை அது பாதியாகிறது; 2024 ஏப்ரலில் அப்படி நடந்தது. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாது என்று சொல்வது இந்த விதியை வைத்துத்தான். யூடியூபில் விலை கணிப்பு பார்க்கும் நேரத்தில் அரை மணித்தியாலம் இதைக் கிளறிப் பாருங்கள்.

"டிஜிட்டல் சொத்து" என்ற ஒரே பெயருக்குள் குணம் வேறான பல சாமான்கள் இருக்கின்றன. பிட்கொயினுக்கு வட்டியோ பங்கிலாபமோ கிடையாது. வெளியிட்ட கம்பனியும் கிடையாது. எதீரியம் என்பது தனிப் பதிவேடு கொண்ட இன்னொரு நெட்வேர்க்; ஈதர் என்பது அதைப் பாவிக்கக் கொடுக்கும் கட்டணம். 2022 செப்டெம்பரிலிருந்து ஈதரைப் பிணையாகப் பூட்டி வைப்பவர்கள்தான் அந்தப் பதிவேட்டை நடத்துகிறார்கள், அதற்குச் சிறிய வருமானமும் உண்டு.

ஸ்டேபிள்கொயின்தான் நிலையான வைப்புக்காரரை இலகுவாக ஏமாற்றுவது, "ஒன்று ஒரு டொலர்" என்று சொல்வதால். யூஎஸ்டிசி, யூஎஸ்டிடி என்ற இரண்டு ஸ்டேபிள்கொயினும் வெளியிடும் கம்பனி இருப்பு வைத்திருப்பதாகத் தரும் வாக்கு. உங்கள் வங்கி வைப்புக்கு இருக்கும் காப்புறுதி அதற்கு இல்லை. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கன் வெலி வங்கி விழுந்தபோது, யூஎஸ்டிசியின் இருப்பில் ஒரு பங்கு அங்கே மாட்டியதால் அது 90 சதத்துக்குக் கீழே போனது. வைப்புகள் காப்பாற்றப்பட்ட பிறகு சில நாளில் திரும்பியது. அப்படி டொலர் இருப்பே இல்லாமல், இன்னொரு நாணயத்தை நம்பி நின்ற டெரா யூஎஸ்டி 2022 மே மாதம் சரிந்தது, அது எழும்பவேயில்லை. மற்ற ஆயிரக்கணக்கான டோக்கன்களைப் புதியவர் தொட வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது, எங்கே வைப்பது. எக்ஸ்சேஞ்சில் (இந்தச் சொத்துகளை வாங்கி விற்க இடம் தரும் கம்பனியில்) வாங்கி அங்கேயே விட்டால், பதிவேட்டில் இருப்பது எக்ஸ்சேஞ்சின் பெயரிலான சொத்து. உங்களுக்கு இருப்பது அந்தக் கம்பனி மீதான உரிமைக் கோரிக்கை மட்டும். 2022 நவம்பர் 11இல் எப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தபோது வாடிக்கையாளர் எல்லோரும் கடன்கொடுத்தவர் வரிசையில் நின்றார்கள். சொந்த வொலட்டில், அதாவது திறப்பு உங்கள் கையிலேயே இருக்கும் செயலியில், வைத்தால் அந்தப் பயம் இல்லை. பதிலுக்கு அதைத் திறக்கும் 12 அல்லது 24 சொற்களை நீங்கள்தான் காக்க வேண்டும். அவற்றை வைத்திருப்பவர் யாரோ அவரே உரிமையாளர்.

இதைக் காசில்லாமலே செய்து பழகலாம். எதீரியத்துக்கு செபோலியா என்றொரு சோதனை நெட்வேர்க் இருக்கிறது. அதில் உள்ள ஈதருக்குப் பெறுமதி கிடையாது, முறை மட்டும் அப்படியே அசல்.

1. மெட்டாமாஸ்க் என்ற வொலட் செயலியை அதன் சொந்தத் தளத்தில் உள்ள இணைப்பு வழியாக இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்த வேண்டாம். போலிச் செயலிகள் அங்கேதான் காத்திருக்கும். கூகிள் கணக்கால் உள்நுழையும் வழியை விட்டு, 12 சொல் தரும் வழியை எடுங்கள்.
2. சொற்களைத் தாளில், ஒழுங்கு மாறாமல் எழுதுங்கள். எல்லாமே 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து வருபவை. முதல் நான்கு எழுத்து தெளிவாக இருந்தாலே எந்தச் சொல் என்று தெரிந்துவிடும். ஒழுங்கு பிசகினால் உங்கள் வொலட் திறக்காது.
3. சோதனை நெட்வேர்க்கைக் காட்டும்படி அமைத்து, செபோலியாவைத் தெரிந்து, சோதனை ஈதர் கொடுக்கும் இலவசத் தளம் ஒன்றில் உங்கள் முகவரியை (செயலி காட்டும், கணக்கு இலக்கம் போன்ற நீண்ட எழுத்துத் தொடர்) ஒட்டுங்கள். சில தளங்கள் அசல் ஈதர் இருப்புக் கேட்கும். விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.
4. அதே செயலியில் இரண்டாவது கணக்குத் திறந்து 0.01 அனுப்புங்கள். எதீரியம் பதிவேட்டைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தின் செபோலியா பக்கத்தில் பார்த்தால் 21,000 காஸ் (நெட்வேர்க் செய்த வேலையின் அளவு) செலவாகியிருக்கும். ஒரு காஸ் 20 குவேய் (ஒரு குவேய் என்பது ஈதரின் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றால் கட்டணம் 0.00042 ஈதர். அனுப்பியது 10 என்றாலும் 10,000 என்றாலும் இதே கட்டணம்தான்.
5. இப்போது செயலியை அழித்துவிட்டு, தாளை மட்டும் வைத்து மீட்டெடுங்கள். இரண்டாவது கணக்கைக் காணாவிட்டால் பதற வேண்டாம். "கணக்கைச் சேர்" என்பதை அழுத்தினால் வரும்.

ஐந்தாவது படி சரிவராதவர் அசல் காசு பக்கம் போகக்கூடாது. பழகிய சொற்களையும் அசலுக்குப் பாவிக்க வேண்டாம்.

அசலில் பிழைப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, நெட்வேர்க். யூஎஸ்டிடி ட்ரோன், எதீரியம், பிஎன்பி செயின் என்ற மூன்று நெட்வேர்க்கிலும் இருக்கும். ட்ரோன் முகவரி வேறு வடிவம், அதனால் செயலி பெரும்பாலும் மறித்துவிடும். ஆனால் எதீரியத்துக்கும் பிஎன்பி செயினுக்கும் முகவரி ஒரே வடிவம். பெறும் எக்ஸ்சேஞ் ஏற்காத நெட்வேர்க்கில் அனுப்பினாலும் திரை எதுவும் சொல்லாது, காசும் கணக்கில் ஏறாது. மற்றது, பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து முகவரியைப் பிரதி எடுப்பது. முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே அமைந்த முகவரியிலிருந்து மோசடிக்காரர் வெறும் பூச்சியம் அனுப்பி, அந்தப் பட்டியலில் இடம்பிடித்து வைப்பார்கள். நடுப் பகுதியையும் பாருங்கள்; முதலில் சிறுதொகை அனுப்பி, போய்ச் சேர்ந்த பிறகு மிச்சம்.

இனிச் சட்டம். மத்திய வங்கி 2018 முதல் பல தடவை எச்சரித்திருக்கிறது. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான 2021ஆம் ஆண்டு 03ஆம் இலக்கப் பணிப்புரைப்படி டெபிட், கிரெடிட் கார்டை மெய்நிகர் நாணயக் கொடுப்பனவுக்குப் பாவிக்க அனுமதி இல்லை. எதையும் செய்ய முன்னர் மத்திய வங்கியின் தளத்தில் கடைசி அறிவித்தலைப் பாருங்கள், தமிழிலும் போடுகிறார்கள். "கார்டு வேண்டாம், வங்கிக் கணக்குக்குப் போடுங்கோ, நான் யூஎஸ்டிடி அனுப்புறன்" என்று வட்ஸ்அப்பில் வருபவரிடம் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். விற்கும்போது உங்கள் கணக்கில் விழுவது வேறொருவர் ஏமாந்த காசாக இருந்தால், முடக்கப்படுவது உங்கள் கணக்கு. சம்பளம் வரும் கணக்கு என்றால் யோசித்துப் பாருங்கள்.

விலையை ரூபாவில் கணக்குப் பாருங்கள். 2021 நவம்பரில் பிட்கொயின் ஏறத்தாழ 69,000 டொலர், டொலர் 203 ரூபா: 1 கோடியே 40 இலட்சம். ஒரு வருடத்தில் விலை 16,000 அளவுக்கு இறங்கியது, டொலர் 365க்கு அண்மையில்: 58 இலட்சம். டொலரில் 77 வீதம் வீழ்ச்சி, ரூபாவில் 58 வீதம். பிட்கொயின் இங்கே கொஞ்சம் நன்றாக நின்றதாகத் தெரிவது ரூபா விழுந்ததால்தான். ரூபா ஏறும் காலத்தில் இதே கணக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

நாளுக்கு 2 வீதம் தருவதாகச் சொல்லும் ஹோட்டல் கூட்டங்களுக்கும் ஒரு கணக்கு. 2 வீதம் நாள்தோறும் கூடினால் 10,000 ரூபா ஒரு வருடத்தில் 1 கோடியே 37 இலட்சத்தைத் தாண்டும். அப்படி உழைக்கத் தெரிந்தவருக்கு உங்கள் பத்தாயிரம் எதற்கு? ஆள் சேர்த்தால் கொமிஷன் என்றால் அது பிரமிட். வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். சேர்த்துவிட்டவரும் தப்ப முடியாது.

கடைசியாக வீட்டாருக்கு. வைப்பென்றால் மரணச் சான்றிதழோடு வங்கிக்குப் போகலாம். வொலட்டுக்கு அப்படியொரு கருமபீடம் இல்லை. எந்தச் செயலி, எந்த நெட்வேர்க், ஏறத்தாழ எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி உறுதிப் பத்திரங்களோடு வையுங்கள். சொற்கள் உள்ள தாளை வேறிடத்தில் வைத்து, அந்த இடத்தை நம்பிக்கையான ஒருவருக்கு மட்டும் சொல்லுங்கள். சொற்களைப் போனில் படம் எடுக்க வேண்டாம்: பல போன்கள் படத்தைத் தாமாகவே கூகிள் போட்டோஸுக்கோ ஐகிளவுட்டுக்கோ ஏற்றிவிடும், அந்தக் கணக்கின் கடவுச்சொல் தெரிந்தவருக்கு வொலட்டும் திறந்துவிடும்.