புதுக் குழாய் பூட்டியும் ஒழுகுதா?
கல்முனையில் வாங்கினாலும் காத்தான்குடியில் வாங்கினாலும் அரை அங்குலக் குழாய் ஒன்றுதான். பெரும்பாலும் பிழை, குழாயின் மரையில் (திருகும் புரியில்) வெள்ளை டேப் சுற்றிய விதத்தில். தண்ணீர்த் தாங்கியின் வால்வை மூடிவிட்டு, குழாயைக் கழற்றி, மரையில் ஒட்டிய பழைய டேப்பை முழுக்கச் சுரண்டுங்கள். மரையின் முனை உங்களைப் பார்க்க, கடிகார முள் திசையில், இழுத்துப் பிடித்து 8 தொடக்கம் 10 சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் பூட்டும்போதே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். பலரும் தவறுவது இங்கேதான்.

கையால் இறுக்கி, பிறகு ஸ்பனரால் ஒரு சுற்று, கூடினால் ஒன்றரை. குழாய் வாய் சரிந்து நின்றால் பின்னால் திருப்பவே கூடாது. டேப் பிடி விட்டு மறுபடி ஒழுகும். கழற்றி, புது டேப்பை ஒரு சுற்றுக் கூட்டிச் சுற்றுங்கள். குழாயைப் பூட்டும் சுவரிலுள்ள பிளாஸ்டிக் சொக்கெட்டில் மூர்க்கமாக இறுக்கினால் சொக்கெட் வெடிக்கும், பிறகு சுவரைக் கொத்தவேண்டும். பித்தளை மரை வைத்த சொக்கெட் கொஞ்சம் விலை கூடத்தான், அதையே வாங்குங்கள்.